ஏழாம் நம்பர் எலிக்கு மூச்சில்லை!

"மாதாவே!"

ஆக்னஸ் போட்ட அலறலில் ஜன்னலில் இருந்த காகம் ஹார்பர் பக்கம் பறந்தது.

மேஜையில் ஒரு பிணம்... மல்லாந்து கிடந்தது. நாலு காலும் நூலால் கட்டப்பட்டு!

வெள்ளை எலி.

டாக்டர் ஜெயசிங் ஓடி வந்தார். கோட், டை, கோட்டில் ரோஜாப்பூ. 1974-ன் தூத்துக்குடி வெயிலில் கோட் போட்டிருந்த ஒரே ஜீவன்.

"கொன்னுட்டியே! மந்திரி வர்ற நேரம்!"

சங்கு குளிப்பவர்களின் மூச்சை எலியை வைத்து ஆராய்கிற கூடம் அது. புதிதாக வந்த மூச்சு மெஷினை மந்திரி திறந்து வைக்க வேண்டும். எலியின் கழுத்தைக் கீறி, மூச்சுக்குழலில் சின்னக் குழாய் செருகி, ரப்பர் ட்யூபால் மெஷினோடு இணைத்தவள் ஆக்னஸ்.

"நான் கை கழுவப் போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு சார்!"

"பேசாதே! இன்னையோட உனக்கு இங்கே வேலை இல்லை!"

பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியன் எட்டிப் பார்த்தார்.

"யாரு செத்தது?"

"இன்ஸ்பெக்டர், இவளை அரெஸ்ட் பண்ணுங்க! திஸ் இஸ் மர்டர்!"

"எலிக்கா? மீசை நரைச்ச பொறவு எனக்கு இப்படி ஒரு கேஸா!" குனிந்தார். "ஏம்மா, அசையவே காணமே?"

"அசையாம இருக்க ஊசி போட்டிருக்கு சார். மெஷின்தான் அதுக்காக மூச்சு விடணும். நெஞ்சு ஏறி இறங்கணும்... ஏறலியே!"

எலியின் மார்பில் விரல் வைத்தாள். கண்கள் விரிந்தன.

"சார்... இதயம் இன்னும் துடிக்கி!"

"மெஷினு ஓடுதுல்லா? அப்ப காத்து எங்கன போவுது?"

இருவர் கண்களும் ரப்பர் ட்யூபின் மேல் ஓடின...

நடுவில் சிவப்புப் பட்டு ரிப்பன்! பூப்போல அழகான, இறுக்கமான முடிச்சு. அதற்கு மேல் ட்யூப் பலூனாய் உப்பிக் கிடந்தது!

சரக்!

ஆக்னஸின் கத்தரி ரிப்பனை வெட்டியது.

எலியின் நெஞ்சு... ஏறியது! இறங்கியது!

"இத யாரு கட்டுனது?" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

டாக்டரின் முகம் ரிப்பன் நிறத்துக்குப் போனது.

"மந்திரி வெட்டறதுக்கு ஏதாவது வேணுமே... வாசல்ல கட்டினா போட்டோவுல மெஷின் விழாது..."

"அதுக்கு எலி கழுத்துதான் கிடைச்சுதாக்கும்!"

ஆக்னஸ் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் கிளம்பட்டா சார்?"

"நோ, நோ! நீ போயிட்டா எலியை யாரும்மா பாக்கறது? நீதான் இங்கே எல்லாம்!"

வெளியே கார் ஹாரன். டாக்டர் இன்ஸ்பெக்டரின் காதோரம் குனிந்தார்.

"சார்... கேஸு கீஸுன்னு ஏதும்...?"

"பயப்படாதேயும் டாக்டரே! கம்ப்ளைன்ட் குடுக்க வேண்டியது எலி. தொண்டையில குழாயைச் சொருகிட்டு அது எங்கன வாயைத் திறக்க?"