செம்மண் சுவர்

கொல்லைக் கதவு சட்டத்தில் பொருந்தவில்லை. காலையில்கூடச் சுண்டுவிரலால் தள்ளினால் போய் ஒட்டிக்கொண்ட கதவு. எழிலரசி தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தாள். மேல்பக்கம் இடித்தது, கீழே விரல் நுழையும் அளவுக்குச் சந்து விட்டது. மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுப்படிக்கு வந்த பிறகுதான், அது இரும்புக் கதவு என்பது அவளுக்கு உறைத்தது.

மத்தியானம் பூமி லேசாக ஆடியிருந்தது. தட்டுகள் கிணுகிணுத்தன, மின்விசிறி தானாக ஆடியது, அவ்வளவுதான். தெருக்காரர்கள் வெளியே ஓடிவந்து, கடலுக்குள் எங்கோ நிலநடுக்கமாம் என்று செல்போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மழை வலுத்ததும் உள்ளே போய்விட்டார்கள். எழிலரசி மட்டும் ஓடவில்லை. மாமனார் சாமிக்கண்ணு இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகிப் பின்னறைக் கட்டிலில் கிடந்தார். அவரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

கேப்பர் மலையின் அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டி மனை போட்ட தெரு அது. துணி காயப்போடும் இடத்தைத் தாண்டினால் இரண்டு மாடி உயரத்துக்கு வெறும் செம்மண் சுவர். அதற்கு மேல் முந்திரித்தோப்பு. சுனாமியில் தேவனாம்பட்டினத்து வீட்டைப் பறிகொடுத்த குடும்பம். கடல் எட்டாத இடம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் கணவன் ராபர்ட் இந்த வீட்டை வாங்கினான்.

பொழுது சாயும்போது மழை விட்டது. ஆனால் சத்தம் விடவில்லை. முறத்தில் அரிசியைச் சரிப்பதுபோல, பின்சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ பொலபொலவென்று உதிர்ந்துகொண்டே இருந்தது. நிற்கும், காது கொடுத்தால் மறுபடி தொடங்கும். பச்சை மண்ணின் வாசனை, புதிதாகத் தோண்டிய குழிக்குள் தலையை விட்டதுபோல, வீடு முழுக்க ஏறியிருந்தது. பின்னறையில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் சிவப்பாகத் தண்ணீர் கசிந்து கட்டில் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எழிலு, யாரோ சொவத்த சொரண்டுறாங்கம்மா" என்றார் சாமிக்கண்ணு.

"எலியா இருக்கும் மாமா."

"எலி இல்ல. பெருசா இருக்கு."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மேட்டின் விளிம்பில் நேராக நின்ற முந்திரி மரங்கள் எல்லாம், குனிந்து வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவைபோல, இந்தப் பக்கம் சாய்ந்திருந்தன.

ராபர்ட்டுக்குப் போன் போட்டாள். சிதம்பரத்தில் வேலை முடிந்து கிளம்பியிருந்தான்.

"இப்பவே வெளிய வந்துடு எழிலு. பக்கத்து வூட்டு சார்லஸக் கூப்புடு, அப்பாவத் தூக்கட்டும்."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"இன்னும் ஊரத் தாண்டல. ரோட்டுல தண்ணி ஜாஸ்தியா..."

போன் அறுந்தது. கரண்டும் போனது.

வாசல் கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. சட்டமே கோணியிருந்தது. கொல்லைப் பக்கம் போனால் நேரே அந்தச் செம்மண் சுவரின் அடியில்தான் போய் நிற்க வேண்டும். ஜன்னல்களில் எல்லாம் திருடனுக்குப் பயந்து போட்ட கம்பிகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சார்லஸ் ஓடிவந்து கதவைத் தோளால் மோதினான். ஒன்றும் நடக்கவில்லை.

"கடப்பார எடுத்தாறேன்க்கா. மாமாவ முன்னால இழுத்தாந்துடுங்க!"

பெட்ஷீட்டோடு அவரைத் தரைக்கு இறக்கினாள். அவர் வலியில் அலறினார். இழுத்தாள். சிவப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. பின்னறையைத் தாண்டியாயிற்று. நடுக்கூடம். வாசல் கதவு தெரிந்தது.

அப்போது அந்தப் பொலபொலப்பு நின்றது.

முழு அமைதி.

பிறகு வீட்டை யாரோ முதுகில் அடித்தார்கள்.

கண்ணைத் திறந்தபோது இருட்டு. வாயெல்லாம் மண். முட்டிக்குக் கீழே கால்கள் மண்ணுக்குள். அசைக்க முடியவில்லை. தடவினாள். ஈரம், செங்கல் துண்டு, மண். இன்னும் மண். பிறகு ஒரு கை.

பற்றிக்கொண்டாள்.

"மாமா, இருக்கீங்களா?"

கை அவள் விரல்களை அழுத்தியது. அவளுக்கு அழுகை பொங்கி வந்தது.

"பயப்படாதீங்க மாமா. சார்லஸ் வந்துடுவாப்ல."

மறுபடி அழுத்தியது. நெடுநேரம் அப்படியே கிடந்தாள். அந்தப் பிடி ஒன்றுதான் துணை. கை மட்டும் சூடேறவே இல்லை.

வெளியே கடப்பாரை கதவில் இடிக்கும் சத்தம்.

"அக்கா! ரெண்டு பேரும் இருக்கீங்களா?"

"ரெண்டு பேரும் இருக்கோம் சார்லஸ். மாமா கையப் புடிச்சிட்டுதான் இருக்கேன்."

கதவின் மேல்பாதி பிளந்தது. டார்ச் வெளிச்சம் உள்ளே விழுந்தது. முதலில் சாமிக்கண்ணுவின் மேல். வாசலை ஒட்டி, மண் தள்ளிக்கொண்டுபோய்ப் போட்ட இடத்தில், பெட்ஷீட்டோடு கிடந்தார். உயிரோடு. இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் கோத்து, குரல் எழும்பாமல் உதட்டளவில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கண்கள் அவளைத் தாண்டிப் பின்னால் போயின. ஜெபம் நின்றது.

"எழிலு... அது யாரும்மா?"

வெளிச்சம் மெல்லத் திரும்பியது. கூடத்தின் பாதி உயரத்துக்குச் செம்மண். அதன் நடுவிலிருந்து ஒரு மணிக்கட்டு. அதன் விரல்கள் அவள் விரல்களுக்குள்.

அவள் கையை உருவினாள்.

பிடி இறுகியது. செம்மண் மூச்சிழுப்பதுபோல ஒரு சாண் உள்ளே வாங்கியது. அவள் கையும் முழங்கைவரை உள்ளே போனது.