கழற்றாதே... சிமிட்டுகிறது!

போன் அலறியது.

ஒரு தரமில்லை, இரண்டு தரமில்லை... பதினோராவது தரம். அந்த அதிர்வில் மேஜை மேலிருந்த டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்து, குதிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

டார்ச் போனை முறைத்தாள். எடுக்கவில்லை.

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று உண்டு. ஆனால் பதினெட்டு வருஷமாக, பென்சில் பருமனில் ஒரு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சர்வர் ரிப்பேர் பார்ப்பதால், கம்பெனி கம்பெனியாக அவள் 'டார்ச்'தான். இரண்டு கையும் வேலைக்கு, வாய் வெளிச்சத்துக்கு. வேலை நேரத்தில் வம்பு பேசாத ஒரே மெக்கானிக் என்று அதனாலேயே பேர்.

இன்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். டார்ச் இல்லாமலேயே.

காரணம், தம்பி. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஐஸ்க்ரீம் கம்பெனி செக்யூரிட்டி. அவளே சிபாரிசு செய்து வாங்கித் தந்த வேலை.

அந்தக் கம்பெனி முதலாளி நேற்றுச் சாயங்காலம் தன் சொந்தக் குளிர் அறைக்குள், மைனஸ் இருபத்தைந்து டிகிரியில், அரைக்கைச் சட்டையோடு விறைத்துக் கிடந்தார். தூக்கிக்கொண்டு வந்தபோது உட்கார்ந்த வாக்கிலேயே வந்தாராம். மீசையைத் தொட்டால் ஒடிந்து கையோடு வந்துவிடும் என்று டாக்டரே தொடப் பயந்தாராம்.

கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. வெளிப்பக்கம் கார்டு காட்டினால்தான் அது பூட்டும், திறக்கும். உலகத்தில் மொத்தம் நாலு கார்டு. ஒன்று செத்துப்போன முதலாளியுடையது. ஒன்று அவர் தம்பி சின்ன முதலாளியுடையது. ஒன்று மேனேஜருடையது. நாலாவது செக்யூரிட்டியுடையது.

செக்யூரிட்டி முந்தாநாள்தான் லீவு கேட்டு முதலாளியிடம் சத்தம் போட்டிருந்தான். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

பன்னிரண்டாவது அலறலில் எடுத்தாள்.

"டார்ச் மேடம்... நான் ஐஸ்க்ரீம் கம்பெனி மேனேஜர் பேசறேன்..."

"சொல்லுங்க சார். தம்பிய உள்ள தள்ளியாச்சு. அடுத்து அக்காவா?"

"ஐயோ, அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல மேடம். நம்ம சர்வர்ல அந்தக் குட்டி பேட்டரி இருக்குல்ல... அது போயிடுச்சு. ஆரஞ்சு லைட் எரியுதாம். உடனே வந்து மாத்திடுங்க."

"உடனேன்னா?"

"பன்னெண்டு மணிக்குள்ள. அதை மாத்தின பிறகுதான் ஆபீஸ் லைனுக்குக் கரண்ட் குடுக்கணுமாம்."

"கரண்ட் இன்னுமா குடுக்கல?"

"நேத்து மத்தியானம் போனதுதான் மேடம். குளிர் அறைக்கும் அதோட கதவுக்கும் தனி லைன், அது ஓடுது. ஆபீஸ்தான் இருட்டு."

போனை வைத்தாள். புருவம் மட்டும் மேலேயே நின்றுவிட்டது.

அந்தப் பேட்டரியை அவளே நாலு மாசம் முன்புதான் மாற்றியிருந்தாள். குறைந்தது மூன்று வருஷம் வர வேண்டிய சரக்கு.

நாலு மாசத்தில் போகுமா...?

அதுவும் முதலாளி போன மறுநாள் பார்த்தா...?

*

ஆபீஸ் மாடி கும்மிருட்டு. வெளியே பத்து மணி வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஜன்னல் இல்லாத நடையில் தன் மூக்கைத் தானே தேட வேண்டியிருந்தது.

டார்ச்சைக் கடித்தாள். வெளிச்சம் நடையின் ஓரத்தில் நின்றிருந்த யுபிஎஸ் பெட்டி மேல் விழுந்தது.

அதன் ஸ்விட்ச் கீழே இருந்தது. அதுவாக விழவில்லை. மூடியைத் திறந்து, கையால் இறக்கிய ஸ்விட்ச்.

கரண்ட் போகவில்லை. கரண்ட்டை யாரோ 'போ' என்று சொல்லியிருக்கிறார்கள்!

"மேடம், இந்தப் பக்கம்... பாத்து வாங்க..."

மேனேஜர் கர்சீப்பைப் பிழிந்தால் ஒரு வாளி நிரம்பும். அப்படி வேர்த்திருந்தார். சர்வர் ரூம் சாவியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சாவியா, குலதெய்வமா என்று சந்தேகம் வந்தது.

"இந்த ரூமுக்குள்ள நேத்துலருந்து யாராவது வந்தாங்களா சார்?"

"ஒருத்தரையும் விடல. போலீஸ் கேட்டாங்க. சாவி தொலைஞ்சுபோச்சுன்னுட்டேன்."

"ஏன்?"

"சும்மாதான்..."

போலீசிடம் 'சும்மா' பொய் சொல்கிற மனுஷனை டார்ச் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"நீங்க முன்பக்கமே நின்னு வேலைய ஆரம்பிங்க மேடம். பின்பக்கமெல்லாம் போக வேணாம். அங்க... பூச்சி இருக்கு."

"என்ன பூச்சி?"

"பெரிய பூச்சி."

சொல்லிவிட்டு வாசலில் நின்றுகொண்டார். கண் மட்டும் சர்வர் அடுக்கிய ரேக்கின் பின்பக்கமே போய்ப் போய் வந்தது.

கீழே யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டு அவர் இரண்டடி நகர்ந்ததுதான் தாமதம். டார்ச் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

ஒரு பாய்.

பாய் மேல்... ஒரு தலையணை! நடுவில் ஆழமாக அமுங்கிய பள்ளம். பள்ளத்தில் கறுப்பாக ஏதோ கறை.

ஒரு மனுஷன் முகத்தில் வைத்து அமுக்கினால் இப்படித்தானே பள்ளம் விழும்? அமுக்கிவிட்டுப் பிறகு குளிர் அறைக்குள் தூக்கிப் போட்டார்களா...?

சத்தம் காட்டாமல் முன்பக்கம் வந்தாள். கை தன்பாட்டில் சர்வரை இழுத்து, மேல் மூடியைத் திறந்தது. உள்ளே காற்றைத் திருப்பிவிடும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதையும் தூக்கினாள்.

நீலப் பிடி வைத்த பேட்டரி. தீப்பெட்டி இரண்டை ஒட்டவைத்த அளவு. பிடியை அமுக்கி இழுத்தால் கையோடு வந்துவிடும்.

விரல் பிடியில் பட்டது. டார்ச் அப்படியே உறைந்தாள்.

பேட்டரிக்குப் பக்கத்தில், கடுகளவு பச்சை விளக்கு.

சிமிட்டியது. நின்றது. சிமிட்டியது.

இந்தத் தொழிலில் முதல் நாள் முதல் பாடம் இதுதான். பச்சை சிமிட்டினால் தொடாதே. ஏனென்றால் சர்வர் ஒரு சோம்பேறி குமாஸ்தா. வந்த தகவலை உடனுக்குடன் டிஸ்கில் எழுதாது. கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டு மொத்தமாக எழுதும். எழுதுவதற்குள் கரண்ட் போய்விட்டால், இந்தக் குட்டி பேட்டரி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள்வரை அந்த நினைவைக் காப்பாற்றும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதிவிடும்.

அதற்குள் பேட்டரியை உருவினால்... நினைவு காலி!

நேற்று எந்தக் கதவை எந்தக் கார்டு பூட்டியது என்பதும் இந்த சர்வரில்தான் பதிவாகிறது.

தம்பியைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி. அந்தச் சாட்சியின் கழுத்தை நெரிக்க அக்காவையே கூப்பிட்டிருக்கிறார்கள்!

*

"டீ சாப்பிடுங்கம்மா."

துள்ளித் திரும்பினாள். வாசலில் சின்ன முதலாளி. கையில் இரண்டு கப். அழுது அழுது வீங்கிய கண். அண்ணன் போன துக்கத்திலும் ரிப்பேர்காரிக்கு டீ கொண்டுவந்த மனுஷன். டார்ச் ஒரு கப்பை வாங்கிக் குடித்தாள்.

"உங்க தம்பிக்காக நானே வக்கீல் ஏற்பாடு பண்றேம்மா. அவன் செஞ்சிருப்பான்னு எனக்குத் தோணல."

அது போதும். மளமளவென்று கொட்டிவிட்டாள்.

"சார், மெதுவா பேசுங்க... மேனேஜர் மேல எனக்குச் சந்தேகம். இந்தப் பேட்டரி கெட்டுப்போகல. யாரு கதவைப் பூட்டினாங்கன்ற பதிவை இதுதான் தாங்கிக்கிட்டிருக்கு. அழிக்கறதுக்காகவே மாத்தச் சொல்றாரு. அந்தப் பின்பக்கம் வேற ஒரு தலையணை..."

சின்ன முதலாளியின் கப் ஒரு நொடி நின்றது. பிறகு உதட்டுக்குப் போனது.

"அப்படியா... நல்லவேளை சொன்னீங்க. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் வெளிய போய் இன்ஸ்பெக்டருக்கு போன் பண்ணிட்டு வரேன்."

அவர் போனார். மேனேஜர் வந்தார். டார்ச் ஸ்க்ரூடிரைவரை அவர் தொப்பைக்கு நேரே நீட்டினாள்.

"அந்தத் தலையணைல யார அமுக்கினீங்க?"

"ஐயோ! யாரையும் இல்ல மேடம்... என்னையேதான்!"

"என்ன?"

"தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் இங்கதான் கண்ணசருவேன். பில்டிங்லயே ஏசி இருந்தும் விறைக்காத ரூம் இது ஒண்ணுதான். நேத்தும் தூங்கிட்டேன். முதலாளி அங்க சாகும்போது மேனேஜர் இங்க குறட்டைன்னு தெரிஞ்சா என் மானம் போயிடும். அதான் போலீஸ உள்ள விடல."

"அந்தக் கறை?"

மேனேஜர் தலையைத் தடவிக்கொண்டார். "டை மேடம். வேர்த்தா இறங்குது."

"ஏசி நின்னதுகூடத் தெரியலயா?"

"தெரிஞ்சுது. புரண்டு படுத்தேன்."

பொய் சொல்கிறவன் இதைவிட மரியாதையாக ஒரு பொய் சொல்லியிருப்பான். டார்ச் ஸ்க்ரூடிரைவரைக் கீழே இறக்கினாள்.

"அப்ப ஆரஞ்சு லைட்டை எப்பப் பாத்தீங்க?"

"நான் எங்க பாத்தேன்? சின்ன முதலாளிதான் பேட்டரிய மாத்தச் சொன்னாரு. ஆரஞ்சு எரியுது, இதோட கரண்ட் குடுத்தா மெஷினே வெந்துடும்னாரு."

டார்ச் திரும்பி சர்வரைப் பார்த்தாள். கரண்ட் இல்லாத மெஷினில் ஆரஞ்சு விளக்கு எரியவே எரியாது. பச்சை ஒன்றுதான் உயிரோடு இருக்கும், அதுவும் பேட்டரி புண்ணியத்தில். தவிர, பூட்டிய ரூமுக்குள் எரிகிற விளக்கை வெளியே நின்று பார்க்க, அந்த மனுஷனுக்கு நெற்றிக்கண்ணா இருக்கிறது?

ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டு அளந்திருக்கிறார்!

டார்ச் டீக் கப்பைத் தள்ளி வைத்தாள்.

எல்லாவற்றையும் யாரிடம் உளறினாள்...? அவரிடமேதான்!

நேற்று ராத்திரி தம்பிக்காகக் கெஞ்சியபோது வாங்கிவைத்த இன்ஸ்பெக்டர் நம்பரை அழுத்தினாள்.

"சார், ஐஸ்க்ரீம் கம்பெனிலருந்து உங்களுக்கு இப்ப யாராவது போன் பண்ணாங்களா?"

"இல்லையேம்மா. நானே கீழ குளிர் அறை வாசல்லதான் நிக்கறேன். ஏன்?"

"பின்படி வழியா ஏறி வாங்க. பூட்ஸ கழட்டிட்டு வாங்க."

*

பத்து நிமிஷம் கழித்து டார்ச் நடைக்கு வந்தாள். சின்ன முதலாளி சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட பேசிட்டீங்களா சார்?"

"பேசிட்டேம்மா. அரை மணில வரேன்னாரு."

இன்ஸ்பெக்டர் அப்போது அவருக்குப் பத்தடி தூரத்தில், ரேக்குக்குப் பின்னால், மேனேஜரின் பாய்மேல் மல்லாந்து கிடந்தார். உட்கார்ந்தால் தொப்பி தெரிந்தது.

"நான் வண்டில போய் ஒரு ஒயர் எடுத்துட்டு வந்துடறேன். மேனேஜரயும் கூட்டிட்டுப் போறேன், என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும். நீங்க காவலுக்கு இருங்க சார். மேலாக்கவே நீலப் பிடி வச்சது ஒண்ணு இருக்கு. அத மட்டும் யாரும் உருவிடக் கூடாது. உருவினா எல்லாம் போச்சு."

"நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். டார்ச்சின் செருப்புச் சத்தம் படியில் தேயும்வரை காத்திருந்தார். உள்ளே நுழைந்தார். செல்போன் வெளிச்சத்தில் நீலப் பிடியைத் தேடினார்.

அமுக்கினார். இழுத்தார்.

டக்!

"நல்லா வந்துடுச்சா சார்?"

குரல் தரையிலிருந்து வந்தது. சின்ன முதலாளி போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த பல்லி கீழே விழுந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து சோம்பல் முறித்தார். படிக்கட்டில் வெறுங்காலோடு காத்திருந்த டார்ச்சும் மேனேஜரும் உள்ளே ஓடி வந்தார்கள்.

"கை பட்டுடுச்சு... தெரியாம..." என்றார் சின்ன முதலாளி.

"அமுக்கி இழுத்தாத்தான் வரும் சார் அது. கை பட்டெல்லாம் வராது" என்றாள் டார்ச்.

சின்ன முதலாளி கையிலிருந்ததைப் பார்த்தார். மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"சரி. உருவிட்டேன்னே வச்சுக்கங்க. இப்ப என்ன இருக்கு உங்ககிட்ட? பதிவு போச்சுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"அதப் போக வைக்கத்தானே சார் உருவினீங்க? அது நான் இன்னைக்குக் கொண்டுவந்த புது பேட்டரி. பக்கத்துல காலியா இருந்த இடத்துல சும்மா சொருகி வச்சேன்."

கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

உள்ளே கடுகளவு பச்சை. சிமிட்டியது. நின்றது. சிமிட்டியது.

*

யுபிஎஸ் ஸ்விட்ச் மேலே போனது. பில்டிங் முழுவதும் விளக்கு எரிந்தது. சர்வர் ஜெட் விமானம் மாதிரி இரைந்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தது. திரையில் வரிசையாக வந்தது.

1.02. செக்யூரிட்டி, திறந்தது.

1.03. செக்யூரிட்டி, பூட்டியது.

1.06. முதலாளி, திறந்தது.

1.09. சின்ன முதலாளி, பூட்டியது.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"பூட்டிட்டு நேரா வந்து ஆபீஸ் லைனை அணைச்சிருக்காரு" என்றாள் டார்ச். "உள்ள இருக்கற அபாய மணியும் இதே லைன்தான். பாவம், பெரியவர் அழுத்தி அழுத்திப் பாத்திருப்பார்."

சின்ன முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "'நாளையிலருந்து என் பொண்ணுதான் நாற்காலில உக்காரப் போறா, நீ வீட்டுல இரு'ன்னாரு அண்ணன். இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்காலிக்குப் பக்கத்துல நின்னவன் நான்."

"இப்ப பெஞ்சே தரோம். வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். போனை எடுத்து ஸ்டேஷனுக்கு அடித்தார். "அந்த செக்யூரிட்டிய வீட்டுக்கு அனுப்புப்பா. இடம் வேணும்."

டார்ச் அப்போதுதான் மூச்சு விட்டாள். தரையிலேயே உட்கார்ந்து, டார்ச்சைப் பையில் போட்டு, முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

எல்லாரும் படி இறங்கும்போது மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார்... கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நான் தூங்கினதாலதான் சாவிய யாருக்கும் குடுக்கல. குடுக்காததாலதான் சாட்சி பிழைச்சுது. என் தலையணைய மட்டும்..."

இன்ஸ்பெக்டரின் அக்குளில் அது ஏற்கெனவே பத்திரமாக இருந்தது.

"கோர்ட்டுல காட்டணுமா சார்?"

"கோர்ட்டுக்கு எதுக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்டேஷன்லயும் தினம் மத்தியானம் வருதுய்யா."