தயிர் டப்பாவில் பன்னிரண்டு ஓக் கொட்டைகள்

மெலனி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் எந்த டப்பாவையும் நம்ப முடியாது. தயிர் என்று எழுதியிருக்கும்; திறந்தால் மீன் குழம்பு இருக்கும். ஐஸ்கிரீம் என்று எழுதியிருக்கும், உள்ளே மிளகாய்த்தூள். இந்தப் பத்து வயதுக்குள் மெலனி எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறாள்.

அப்படி இருந்தும் அவளே அந்தப் பிழையைச் செய்தாள். பன்னிரண்டு ஓக் கொட்டைகளை ஒரு தயிர் டப்பாவில் போட்டு வைத்தாள். மூடியில் ஒன்றும் எழுதவில்லை.

லாசால் பகுதியில் அவர்களுடைய அடுக்குமாடிக்கு முன்னால் ஒரு பெரிய ஓக் மரம் நின்றது. மெலனியும் மூன்றாம் மாடி நிஷானும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அதன் கீழேதான் நிற்பார்கள். இலை உதிரும் காலத்தில் இருவரும் அதன் கொட்டைகளைப் பொறுக்கி வாளித் தண்ணீரில் போட்டார்கள். மிதந்தவை எல்லாம் சொத்தை. தாழ்ந்த பன்னிரண்டையும் ஈரத்துணியில் சுற்றினார்கள்.

"குளிருக்குள்ளை கிடந்தால்தான் முளைக்குமாம்," என்றான் நிஷான். "பனி கரையுமட்டும் உங்கடை பிரிட்ஜிலை வை. நீதான் பொறுப்பு."

"ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்," என்றாள் மெலனி.

குளிர்காலத்தில் உறைமழை பெய்தது. கிளைகளில் பனிக்கட்டி பாரம் ஏறி, மரம் பாதியாக முறிந்தது. மறுநாள் வேலையாட்கள் வந்து மீதியையும் அறுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே மாதம் நிஷான் குடும்பம் ஆற்றுக்கு அப்பால் உள்ள புரோசார்டுக்கு வீடு மாறியது. இப்போது மெலனி பஸ்ஸுக்குத் தனியாக நின்றாள். மரமும் இல்லை, நிஷானும் இல்லை. டப்பா மட்டும்தான் இருந்தது.

சனிக்கிழமைதோறும் நிஷான் தொலைபேசியில் வருவான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "முளைச்சிட்டுதோ?"

"இன்னும் இல்லை."

மார்ச் மாதத்தில் ஒருநாள் மெலனி பள்ளி விட்டு வந்தபோது அம்மா கறியை ருசி பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"இந்தமுறை பலாக்கொட்டை சரியில்லை பிள்ளை. ஒரே கசப்பாய்க் கிடக்கு."

"எந்தப் பலாக்கொட்டை அம்மா?"

"தயிர் டப்பாக்குள்ளை ஈரத்துணியிலை சுத்திக் கிடந்துதே, அதுதான்."

மெலனி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தோலுரித்து, பாதி பாதியாக வெட்டி, தேங்காய்ப்பாலில் கொதித்துக்கொண்டிருந்தது அந்த மரம். அவளுக்கு முதலில் அழுகைகூட வரவில்லை.

விஷயம் தெரிந்ததும் அம்மா தலையில் கை வைத்தார். "ஐயோ பிள்ளை, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! ஒண்டு முளைவிட்டிருந்தது. பழுதெண்டு எறிஞ்சுபோட்டன்."

மெலனி குப்பைக் கூடைக்குள் கையை விட்டாள். வெங்காயத் தோலுக்கும் முட்டைக் கோதுக்கும் கீழே அது கிடந்தது. வெடித்த கொட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு வெள்ளை வேர் நீண்டிருந்தது.

அதை ஓர் உயரமான பால் பெட்டியில் மண் நிரப்பி நட்டாள். சனிக்கிழமை நிஷான் கேட்டபோது, "ஓம், முளைச்சிட்டுது," என்றாள். மற்றப் பதினொன்றையும் பற்றி வாய் திறக்கவில்லை.

மே மாதம் நான்கு இலைகள் வந்தன. "வாற ஞாயிறு பூசை முடிய வாறன், பாக்கவேணும்," என்றான் நிஷான்.

வெயில் படட்டும் என்று மெலனி பெட்டியை பால்கனியில் வைத்தாள். சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், மண் கிளறிக் கிடந்தது. இலைகளைக் காணவில்லை. விரலளவு குச்சி மட்டும் நின்றது. கம்பிமேல் ஓர் அணில் வாலை ஆட்டிக்கொண்டு இருந்தது.

மெலனி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அணிலை ஏசினாள். பிறகு தன்னையே ஏசினாள். ஒன்றே ஒன்றைக்கூடக் காப்பாற்றத் தெரியாதவள் என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கீழே புல் ஓரத்தில் மேப்பிள் கன்றுகள் எத்தனையோ முளைத்திருந்தன. ஒன்றைப் பிடுங்கி வந்தாள். இதை நட்டால் பச்சையாய் ஏதாவது இருக்கும், நிஷான் கவலைப்பட மாட்டான்.

குச்சியைப் பிடுங்கப் பிடித்தபோது நகம் பட்டு அதன் தோல் கொஞ்சம் உரிந்தது. உள்ளே பச்சையாக இருந்தது.

மெலனி கையை எடுத்தாள். அரும்பு மாதிரி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் உயிர் இருக்கிறதைப் பிடுங்க மனம் வரவில்லை. மேப்பிளைத் திரும்பவும் புல் ஓரத்தில் நட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த நிஷானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பதினொன்றும் கறியானதைச் சொன்னாள். அணிலைப் பற்றிச் சொன்னாள். மேப்பிளைக்கூடச் சொன்னாள்.

நிஷான் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கிவிட்டது. பிறகு கேட்டான்:

"கறியை ஆர் சாப்பிட்டது?"

"ஒருத்தரும் இல்லை. அம்மா கொட்டிட்டா."

"நல்லகாலம்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

பால்கனி மூலையில் உடைந்த மேசை விசிறி ஒன்று கிடந்தது. மெலனி அதன் கம்பிக் கூட்டைக் கழற்றிப் பெட்டியின் மேல் கவிழ்த்தாள். நிஷான் அதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான்.

"வெறும் குச்சிக்கே இவ்வளவு காவல்?" என்றார் அம்மா. ஆனால் கயிறு வெட்டக் கத்தியை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு வாரம் போனது. ஒன்றும் இல்லை. இரண்டாவது சனிக்கிழமை நிஷான், "முளைச்சிட்டுதோ?" என்று கேட்கவே இல்லை. அதுதான் மெலனிக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. இனி நம்பிக்கை இல்லை என்று தெரிந்தும் தினமும் தண்ணீர் ஊற்றினாள்.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. தண்ணீர் ஊற்றக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குச்சியின் அடியில், மண்ணை ஒட்டி, கடுகளவு சிவப்பாய் ஒரு மொட்டு தெரிந்தது.

தொலைபேசியை எடுத்தாள். "நிஷான், இண்டைக்குச் சனிக்கிழமை இல்லையெண்டு தெரியும்..."

அந்தப் பக்கம் நிஷான் மெல்லிய குரலில் கேட்டான்.

"முளைச்சிட்டுதோ?"

"ஓம்," என்றாள் மெலனி.