டொக்டர் கிளிபோட்டுக்குத் தனிப் பாயாசம்

போன் அலறியது.

கனடாவின் ஸ்ரௌவ்வில் நகரிலுள்ள தன் வீட்டை நோக்கிக் காரை விரட்டிக்கொண்டிருந்த டொக்டர் கிளிபோட், வயிறு நிறைந்த சுகத்தில் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்தினார்.

பகல் ஒன்று இருபது.

“டொக்டர்... இந்தக் கோல் பதிவாகுது. சம்மதமோ?”

பெண் குரல். கம்பெனிக்காரர்களின் வழக்கமான பீடிகை என்று நினைத்து, ஓம் என்றார்.

“பாயாசம் முழுக்கக் குடிச்சனீங்களோ?”

அட! சற்று முன்னர் ஸ்காபரோ மண்டபத்தில், ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில், தன் கையால் பாயாசக் கோப்பையை நீட்டியவள். மங்கையற்கரசி. செத்தவரின் அக்காவாம்.

செத்தது யார்? சத்தியமாக அவருக்குத் தெரியாது! மனுசன் பழைய மாணவர் சங்கத்துத் தலைவர் தேர்தலில் நிற்கிறார். வட்ஸ்அப்பில் எந்த முப்பத்தொன்று அழைப்பு வந்தாலும் அரை நாள் லீவு போட்டுப் போவார். நாலு பேருக்கு முகத்தைக் காட்டி, வடை பாயாசத்தோடு ஒரு பிடி பிடித்துவிட்டு வருவார். படத்துக்குப் பூப்போட்டார், படத்தைப் பார்க்கவில்லை.

“நல்லாயிருந்தது. ஏன் கேக்கிறியள்?”

“அது உங்களுக்கெண்டு தனியாச் செய்தது. அனோஜாவுக்காக.”

அனோஜா?

மங்கையற்கரசி ஆற அமரச் சொன்னாள். அனோஜா அவளுடைய தங்கை. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் குடும்பம், இரண்டு பிள்ளைகள். முப்பத்துநாலு வயதில் இரத்தப் புற்றுநோய். நோயை மாற்றக்கூடிய மருந்து இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிதான் அதற்குக் காசு தர முடியாது என்று மூன்று தரம் எழுதியது. மூன்று கடிதத்திலும் ஒரே கையெழுத்து... கம்பெனியின் மிசிசாகா ஒபிஸில் குந்தியிருக்கும் டொக்டர் கிளிபோட்டின் கையெழுத்து!



“தனியா எண்டா... அதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?”

“அதைப் பிறகு சொல்லுறன். ரெண்டு மணிவரைக்கும் நேரம் இருக்கு.”

நஞ்சு வைத்துவிட்டாளா!

காரை ஓரங்கட்டினார். உடம்பெல்லாம் வியர்வை. தனியாக வைத்திருந்த ஒபிஸ் போனில் 911ஐ அடித்து அம்புலன்ஸ் கேட்டார். ஆனால், என்ன நஞ்சு என்று தெரியாமல் எந்த ஆஸ்பத்திரி என்ன செய்யும்? அது டொக்டருக்குத் தெரியாதா? தனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கெஞ்சத் தொடங்கினார்.

மங்கையற்கரசி அசையவில்லை. இந்தக் கெஞ்சலுக்காகத்தான் முப்பத்தொரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அவளின்ரை பைலில என்ன இருந்தது? அதைச் சொல்லுங்கோ முதல்.”

“தெரியாது தங்கச்சி... நான் திறந்தே பாக்கேல்லை.”

“மூண்டு தரமுமோ?”

“ஒருத்தற்றை பைலையும் திறக்கிறேல்லை. கொம்பியூட்டர் லிஸ்ற் தரும். ஒரு கிளிக்கில அம்பது பேருக்கு முடியாதெண்டு அடிப்பம். மேலிடத்து ஓடர்... இப்ப சொல்லுங்கோ, என்ன நஞ்சு?”

மறுமுனையில் ஒரு விம்மல். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு...

“நஞ்சோ? ஆர் சொன்னது?”

“நீங்கள்தானே... தனியா எண்டு...”

“உங்களுக்குச் சலரோகம் எண்டு விசாரிச்சு அறிஞ்சனான். அதுதான் சீனிக்குப் பதிலா வேற இனிப்புப் போட்டுத் தனியாக் காய்ச்சினது.”

“அப்ப அந்த ரெண்டு மணி?”

இரண்டு மணிக்கு அமெரிக்காவில் மாநிலச் சட்டசபையின் குழு கூடுகிறதாம். டொக்டர் பைலை வாசிக்காமல் யாருக்கும் மருந்தை மறுக்கக் கூடாது என்று ஒரு புதுச் சட்டம் வரப்போகிறதாம். அது தேவையே இல்லை, எங்கள் டொக்டர்கள் வரிக்கு வரி வாசிக்கிறார்கள் என்று கம்பெனி சத்தியம் பண்ணியிருக்கிறதாம். குழுவுக்குப் போட்டுக் காட்ட அனோஜாவின் வக்கீல் மாக்கஸுக்கு இந்தப் பதிவு இப்போதே போகிறது என்றாள் மங்கையற்கரசி.

கிளிபோட் கத்தினார். “வெருட்டி வாங்கினது செல்லாது!”

“எங்க வெருட்டினனான்? திரும்பப் போட்டுக் கேளுங்கோ. நீங்களா முடிவெடுத்தனீங்கள், டொக்டர். ஒண்டையும் பாக்காமல் முடிவெடுக்கிறதுதானே உங்கட தொழில்.”

சைரன் சத்தம் நெருங்கி வந்து, காருக்குப் பின்னால் நின்றது. அது அவளுக்கும் கேட்டது.

“அம்புலன்ஸோ? நோய் ஒண்டுமில்லையெண்டு ஆஸ்பத்திரியில எழுதினா, பில் உங்கட தலையிலதான்... அப்பீல் பண்ணிப் பாருங்கோவன், ஆராவது வாசிப்பினம்!”