முழங்கைக் கோடு

அன்று பிற்பகல் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் தம்பி, அவன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள், தச்சர். ஐந்தாவதாக ஒருத்தி நின்றாள் என்று பேசுபவர்கள் அன்று அங்கே இல்லாதவர்கள்.

வீட்டை வரைந்தது தம்பியின் முதல் மனைவி. கட்டடம் வரைவதே அவள் தொழில். ஆள் குள்ளம், என் தோளுக்கு எட்டமாட்டாள். தன் உயரத்துக்கு ஒரு மரச்சட்டம் வெட்டி, கண், தோள், முழங்கை என்று அதில் கோடுகள் கீறி, கண்ணாடி, கொக்கி, மரத்தாலான சமையல் மேடை எல்லாவற்றையும் அந்த அளவிலேயே அமைத்தாள்.

"எனக்கு அளவெடுத்துத் தைச்ச வீடு மாமா. வேற யாருக்கும் பத்தாது" என்பாள்.

இரண்டு ஆண்டுக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள்.

புதியவள் நெட்டை. கண்ணாடியில் கழுத்துக்கு மேல் தெரியாது. குனிந்தே காய் நறுக்கி இடுப்பு விட்டுப்போயிற்று. மேடையை உயர்த்தத்தான் தச்சரை வரச்சொன்னோம். அளவுநாடாவை மறந்து வந்த அந்த மனிதர், கதவுக்குப் பின்னால் கிடந்த சட்டத்தை எடுத்து அவள் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்திருக்கீங்களேம்மா. சட்டமே பத்தலை."

"அந்த அக்கா அளவுக்கு நான் எத்தனை நாள் குனியறது? அவங்க முழங்கைக் கோட்டைச் செதுக்கிட்டு என்னோடதைக் கீறுங்க."

"அது இருக்கட்டும். பக்கத்துல கீறிக்கலாம்" என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

"ஏன், அவங்க வந்து சமைக்கப்போறாங்களா?"

தச்சர் பழைய கோட்டைச் செதுக்கி எடுத்தார். நாலு அங்குலம் மேலே புதிய கோடு விழுந்தது.

அப்போது அந்த வாசனை வந்தது. புதிதாகச் சீவிய பென்சிலின் வாசனை.

தச்சர் காதில் செருகியிருந்த பென்சில் மொட்டை.

எங்கள் முதுகுக்குப் பின்னால் பிளேடு மெதுவாக மரத்தைச் சீவியது. சரக். சரக். நின்றது.

புதியவள் உச்சந்தலையைத் தடவினாள்.

"யாரோ கை வெச்சு அமுக்குற மாதிரி இருக்கு" என்றாள் மெல்ல.

மேடை நாலு அங்குலம் உயர்ந்தது. ஒரு வாரம் நிம்மதியாகச் சமைத்தாள். அடுத்த வாரம் என்னிடம் வந்தாள்.

"மேடையை ரொம்பத் தூக்கிட்டார் மாமா. தோள் வலிக்குது."

தச்சர் இம்முறை நாடாவோடு வந்து அளந்தார். நூல் பிசகவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு, கூலிகூடக் கேட்காமல் போய்விட்டார்.

அவள் உடைகள் தரையில் புரளத் தொடங்கின.

ஒரு காலை கண்ணாடியில் அவள் முகம் முழுவதும் தெரிந்தது.

நான் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். நாலு அங்குலம் மேலே கீறிய கோடு இல்லை. செதுக்கிய இடத்தில் பள்ளம் இல்லை. பழைய கோடு மட்டும், அன்றுதான் கீறியது போல் கூர்மையாக இருந்தது.

மேடையைப் பழைய உயரத்துக்கே இறக்கிவிட்டோம். தம்பி சமையலறைப் பக்கம் போவதில்லை.

புதியவள் பயந்து ஓடிவிட்டாள், ஜன்னலில் தெரியும் குள்ளமான பெண் வேறு யாரோ என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் வீட்டை விட்டு ஓடியதில்லை. அது அவள்தான். மேடை இப்போது அவளுக்கு அளவாக இருக்கிறது.