தடித்த கோட்டில் நடந்தவன்

துணை ஷெரீப் நோரா ஹூப்பரின் அலுவலகக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஆட்டுப் பண்ணைக்காரி மைத்தே வந்தாள். அவளுடைய ஆடுகளை மேய்க்கும் எலியோ பின்னால் நின்றான். பெருவிலிருந்து பிழைக்க வந்தவன்.

"சுரங்கக்காரங்க தண்ணிக் குழாயை இவன் அறுத்துட்டானாம். ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டு மலையை விட்டு எறங்கினா வழக்கு இல்லையாம். இல்லேன்னா நாட்டை விட்டே அனுப்பிடுவாங்களாம்."

"கையெழுத்துப் போட்டியா?" என்றாள் நோரா.

"கை நல்லாத்தான் இருக்கு. ஆனா போடமாட்டேன்," என்றான் எலியோ.

சாட்சி சொல்லச் சுரங்க மேற்பார்வையாளன் ரீட் வந்தான். மலை வரைபடத்தின் கறுப்பு வெள்ளை நகலை மேசையில் விரித்தான்.

"அன்னைக்கு அங்க நான் ஒருத்தன்தான் காவல். இவன் அறுத்துட்டு ஓடினான். இந்த ஓடையில எறங்கி, இவன் கூடாரம் வரைக்கும் பின்னாடியே போனேன். முழங்கால் தண்ணி." அவன் விரல் தடித்த கோடு ஒன்றின் மேலேயே மலையைச் சுற்றி வந்தது.

நோராவின் ஜீப்பை ஓட்டும் கிளைடு துள்ளினான். "நோரா, பூட்ஸைக் கழட்டச் சொல்லு. சேறு பார்க்கலாம்."

"வேண்டாம். நம்ம படத்தை எடு."

அவர்களுடையது வண்ணப்படம். நோரா அதை நகலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அதே கோடு. என்ன நிறம், கிளைடு?"

"பழுப்பு."

"தண்ணின்னா நீலம். பழுப்பு உயரக்கோடு. ஒரே உயரத்துல இருக்கிற இடங்களைச் சேர்த்துப் போட்டது. அஞ்சுல ஒண்ணைத் தடிப்பா போடுவாங்க. நகல்ல எல்லாம் கறுப்பாயிடுச்சு, இவர் ஓடைன்னு நெனச்சுட்டார்."

கிளைடு சிரித்தான். "எறங்காம மலையைச் சுத்தி ஓடுற தண்ணியா? எங்களுக்கும் காட்டுங்க ரீட். இந்த வறண்ட காட்டுல ஒரே ஒரு ஊத்துத் தண்ணியை வச்சுக்கிட்டு அல்லாடுறோம்."

"அந்த ஊத்துதான் சுரங்கக்காரங்களுக்கு வேணும்," என்றாள் நோரா. "ஆட்டுக்காரன் போயிட்டா மைத்தேயோட மேய்ச்சல் உரிமையும் அதோட ஊத்தும் போகும். ரீட், நீங்க யார் பின்னாடியும் போகலை. காகிதத்துல விரலால நடந்தீங்க. குழாய்ப் பக்கத்துல இருந்தது நீங்க ஒருத்தர்தான்னு நீங்களே சொன்னீங்க. அப்போ அறுத்தது யாரு?"

ரீட் படத்தை மடித்தான். "சரி. புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். இதோட விட்டுடலாம்."

"நீ விடு. நான் விடலை," என்றான் எலியோ. "இவன் மேல என் புகாரை எழுதுங்க, நோரா. சீக்கிரம். ஆடு தண்ணிக்கு நிக்குது."

நோரா தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.