இம்மரம் கட்டப்படும்

கஜந்திக்குப் பலகை ஒன்றைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. கடைப் பலகை, பஸ் பலகை, மதில் எழுத்து, எதுவென்றாலும் உரத்து வாசிப்பாள். வாசித்த கையோடு பிழையும் பிடிப்பாள். திருகோணமலையில் அதற்குப் பஞ்சமா என்ன? சந்தைப் பக்கம் "இங்கே குப்பை போடவும்" என்று ஒரு பலகை நிற்கிறது. சனங்களும் சொல்லைத் தட்டாமல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அவளுடைய கூட்டாளி றுக்கியாவுக்கும் இதே பைத்தியம். இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மட்டும் வேறு வேறு. ஓர்ஸ் ஹில்லில் இருந்து துறைமுகப் பக்கம் இறங்கும் ஒடுங்கிய தெருவான ஒழுங்கையின் முனையில் ஒரு கொன்றை மரம் நிற்கிறது. காலையில் அந்த மரத்தடியில் சந்தித்து, ஒருத்தி இடப் பக்கமும் மற்றவள் வலப் பக்கமுமாகப் போவார்கள். பின்னேரம் அதே மரத்தடியில் கூடி, "இண்டைக்கு எத்தனை பிழை பிடிச்சனி?" என்று கணக்குக் கேட்பார்கள். அந்த மரம் இல்லாவிட்டால் பள்ளிக்கூட வழியில் அவர்கள் சந்திக்க வேறு இடமே இல்லை.

மரத்தடியில் றுக்கியாவின் வாப்பா முனாப் சைக்கிள் திருத்துவார். பக்கத்தில் கனகம்மாக்கா மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்பார்.

போன மாரியில் அடித்த புயல் மரத்தின் பெரிய கொப்புகளை முறித்துப் போட்டது. பங்குனி பிறந்ததும் மிச்சமிருந்த இலையும் கொட்டிவிட்டது. மரம் மொட்டையாக நின்றது.

அப்போதுதான் அந்தப் பலகை முளைத்தது. ஒழுங்கைக்கு எதிரே எழும்பும் புது ஹோட்டல்காரர்கள் நட்டது.

"அறிவித்தல்," என்று வாசித்தாள் கஜந்தி. "வாகனத் தரிப்பிட வேலைக்காக இம்மரம் கட்டப்படும். ஆட்சேபனை உள்ளவர்கள் இரண்டு கிழமைக்குள் அறிவிக்கவும்."

"மரத்தை எப்பிடியடி கட்டுற?" என்றாள் றுக்கியா.

"பலகைத் தமிழ் அப்பிடித்தான் மகள்," என்றார் முனாப். "பாதியை அவங்க எழுதுவாங்க, மீதியை நாங்க விளங்கிக்கொள்ளணும். கார் முட்டாமல் மரத்தைச் சுத்திக் கல்லால ஒரு குந்து கட்டப்போறாங்க போல."

"குந்தோ! குந்தியிருக்க நல்லது," என்று கனகம்மாக்கா அப்போதே தனக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.

கஜந்தி எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். "சீ! ஒரு பிழையும் இல்லை," என்று அலுத்துக்கொண்டாள்.

இரண்டு கிழமை, பதினாலு நாளும் போனது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. குந்து கட்டுகிறோம் என்றால் யார்தான் ஆட்சேபிப்பார்கள்?

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் பிக்கப் வாகனம் ஒன்று வந்து நின்றது. இறங்கிய ஆள் மரத்தில் சிவப்பு மையால் பெரிய குறுக்குக் கோடு போட்டான். கூட வந்தவர் ஹோட்டல் வேலை மேற்பார்வையாளர் யோகலிங்கம்.

"என்ன சேர், குந்துக்கு அளவெடுக்கிறீங்களோ?" என்று கேட்டார் கனகம்மாக்கா.

"என்ன குந்து? நாளைக்குக் காலமை மரம் வெட்டப்போறம், அம்மா."

கனகம்மாக்காவின் கையிலிருந்த மாங்காய் விழுந்து உருண்டது.

"வெட்டவோ? பலகையில கட்டப்படும் எண்டுதானே இருக்கு!" என்று கத்தினாள் கஜந்தி.

யோகலிங்கம் பலகையை ஒருமுறை வாசித்தார். தலையைச் சொறிந்தார். "எழுத்துப் பிழை. 'வெ' வரவேண்டிய இடத்தில 'க' வந்திட்டுது. ஒரு எழுத்துத்தானே."

கஜந்திக்கு முகம் சுட்டது. ஊரிலுள்ள பிழையெல்லாம் பிடித்தவள், தன் மூக்குக்கு முன்னால் நின்ற மகா பிழையை விட்டுவிட்டாளே!

"ஏன் சேர் வெட்டுறீங்கள்?"

"இது பட்ட மரம், பிள்ளை. ஆபத்து எண்டு சொல்லித்தான் அனுமதி எடுத்தது."

கஜந்தி ஓடிப்போய் மரப்பட்டையை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சை. நல்ல ஈரப் பச்சை.

"பாருங்கோ! உயிரோட இருக்கு!"

யோகலிங்கம் பார்த்தார். பார்த்துவிட்டு வாகனத்தில் ஏறினார். "கடதாசியில பட்ட மரம் எண்டு இருக்கு. கடதாசிப்படிதான் வேலை."

பிக்கப் போய்விட்டது. முனாப் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "அனுமதி குடுத்த நகரசபைக் கந்தோரும் இந்நேரம் பூட்டியிருக்கும். இனி யாருக்கிட்டப் போய்ச் சொல்ற?"

"ஏழை சொல் அம்பலம் ஏறாது, தம்பி," என்று பெருமூச்சு விட்டார் கனகம்மாக்கா.

"ஏறாட்டி ஏத்துவம்!" என்றாள் கஜந்தி.

அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் கூடுதலாக வந்தது. கடதாசிப்படி வேலையாம்! அப்படியானால் பலகைப்படியும் வேலை நடக்கத்தானே வேண்டும்?

பின்னலில் இருந்த பள்ளிக்கூட றிபனை உருவினாள். எட்டிய கொப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"என்னடி செய்யிறாய்?" என்றாள் றுக்கியா.

"இம்மரம் கட்டப்படும் எண்டு இருக்கு. கட்டுறன்!"

"றிபனைக் கண்டு மரம் அரியிற வாள் பயந்து ஓடுமோ, பிள்ளை?" என்று கனகம்மாக்கா சிரித்தார்.

"ஒரு றிபனுக்கு ஓடாதுதான் அக்கா. உங்கட வீட்டில பழைய சீலை இல்லையோ?"

கனகம்மாக்காவின் சிரிப்பு நின்றது. மாங்காய்க் கூடையை அப்படியே விட்டுவிட்டு எழும்பினார். றுக்கியாவோ அதற்குள் வீட்டுக்கு ஓடி, இடுப்பில் உடுக்கும் சாரம் ஒன்றோடு திரும்பிவிட்டாள்.

"அடியேய், அது வாப்பாட புதுச் சாரம்!" என்று பதறினார் முனாப்.

"அவசரத்துக்கு அதுதான் கையில அகப்பட்டது வாப்பா!"

ஊர் கூடினால் தேர் நகராதா? இருட்டுவதற்குள் ஒழுங்கை முழுக்க மரத்தடிக்கு வந்துவிட்டது. சீலை, சாரம், துவாய், படுக்கை விரிப்பு, கிழிந்த மீன்வலை என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து கட்டினார்கள். கஜந்தியின் அம்மா, தன் கலியாணத்துக்கு வந்த சீலை ஒன்றைக் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றிக் கட்டினார்.

காலையில் மெஷின் வாளோடு வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மரத்தின் சிவப்புக் கோடு சீலைக்குள் மறைந்துபோயிருந்தது. மரத்தைச் சுற்றிப் பாயும் கதிரையும் போட்டு ஒழுங்கைச் சனம் இருந்தது. ஒரு சத்தமில்லை, ஒரு கல்லில்லை. முனாப் வேலையாட்களுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினார்.

"வெட்ட ஏலாது சேர்," என்றான் வாள் பிடித்திருந்தவன். "துணி சங்கிலிக்குள்ள சுத்திச்சுதெண்டால் மெஷின் போயிடும்."

"ஆர் இதையெல்லாம் கட்டினது?"

"நாங்கள்தான்!" என்றது முழு ஒழுங்கையும்.

கஜந்தி எழும்பினாள். "பலகையில கட்டப்படும் எண்டு இருக்கு, சேர். கட்டிப்போட்டம்."

வேலையாட்களே சிரித்துவிட்டார்கள். யோகலிங்கம் சிரிக்கவில்லை. "அது எழுத்துப் பிழை எண்டு நேற்றே சொன்னனான்!"

"எங்கட ரீச்சர் எழுத்துப் பிழைக்குப் புள்ளியைத்தான் வெட்டுவா. மரத்தை வெட்டமாட்டா."

முனாப் கோப்பையைக் கீழே வைத்தார். "புள்ளை சொல்றது நியாயம்தானே சேர்? வெட்டப்போறம் எண்டு சொல்லாமல் ஆட்சேபனை கேட்டா, நாங்க எதை ஆட்சேபிக்கிற? குந்தையோ? பிழையில்லாமல் எழுதித் திரும்பப் பலகை வைங்க. திரும்ப ரெண்டு கிழமை தாங்க. அதுவரைக்கும் நாங்க எழும்ப மாட்டம்."

வெயில் ஏறியது. மொட்டை மரத்தில் நிழலும் இல்லை. என்றாலும் ஒருவரும் எழும்பவில்லை. கனகம்மாக்கா குடையை விரித்து, பாதியைக் கஜந்திக்கும் பிடித்தார்.

யோகலிங்கம் தள்ளிப்போய் நெடுநேரம் தொலைபேசியில் கதைத்தார். திரும்பி வந்தபோது கழுத்தெல்லாம் வியர்வை. "சரி, புதுப் பலகை வரும். ரெண்டு கிழமை. அதுக்குள்ள இந்த மொட்டை மரம் என்ன செய்யப்போகுது எண்டு பாப்பம்."

"பூக்கும்!" என்றாள் கஜந்தி.

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மொட்டைக் கொப்புகளை நிமிர்ந்து பார்த்தாள். பூக்காவிட்டால்?

புதுப் பலகை பழையதன் பக்கத்திலேயே வந்து நின்றது: "இப்பட்ட மரம் வெட்டப்படும்." இந்த முறை எழுத்துச் சுத்தம். மரம் உயிரோடு இருக்கிறதென்று ஒழுங்கைச் சனம் கந்தோருக்குப் போய் ஆட்சேபனை சொன்னது. வந்து பார்த்து முடிவு சொல்கிறோம் என்றார்கள்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியது. கூட்டாளிகள் இருவரும் காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊருக்குள் உலாவும் மான்களில் ஒன்று வந்து முனாப்பின் புதுச் சாரத்தை ஒரு கரை தின்றுவிட்டுப் போனது. எங்கேயோ குயில் விடாமல் கூவியது. மரமோ மூச்சுக் காட்டவில்லை.

"பூக்குமாடி?" என்று றுக்கியா மெதுவாகக் கேட்டாள்.

"பூக்கத்தான் வேணும்," என்றாள் கஜந்தி. பிறகு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சித்திரை வருடப்பிறப்பு வந்தது. கஜந்தி தலைக்கு மருத்துநீர் வைத்து முழுகி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள் றுக்கியா.

"பிழை பிடிச்சிட்டன்! புதுப் பலகையில பிழை!"

"சும்மா சொல்லாதை. நான் பத்துத் தரம் பாத்தனான். எழுத்தெல்லாம் சரி."

"எழுத்தில இல்லையடி! வந்து பார்!"

ஓடினார்கள். பலகைக்கு நேர் மேலே, முறியாமல் மிஞ்சிய கொப்பின் நுனியில், பச்சை மணிகள் கோத்த மாதிரி ஒரு சரம் தொங்கியது. மொட்டுகள்! பக்கத்துக் கொப்பில் இன்னொன்று. அதற்கும் மேலே இன்னும் இரண்டு.

"'பட்ட மரம்' எண்டது பிழை!" என்று துள்ளினாள் றுக்கியா. கஜந்தி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, புதுச்சட்டையெல்லாம் நனைய அழுதாள். சந்தோசத்துக்கும் கண்ணீர் அதே கண்ணால்தானே வருகிறது!

மொட்டு விரியத் தொடங்கியதும் நிற்கவில்லை. சரம் சரமாக மஞ்சள் பூத்தது. புயல் முறித்த இடத்திலும் ஒரு சின்னக் கிளை துளிர்த்து, வெட்கமில்லாமல் அதிலும் பூத்தது. சீலைகளுக்கு மேலே தேனீக்கள் இரைந்தன.

சொன்ன நாளில் யோகலிங்கம் வந்தார். தன் பலகைக்கு முன்னால் நின்றார். "இப்பட்ட மரம்" என்று வாய்க்குள் வாசித்தார். மேலே பார்த்தார். நெற்றியில் ஒரு மஞ்சள் இதழ் விழுந்தது.

"எங்க சேர் அந்தப் பட்ட மரம்?" என்று கேட்டாள் கஜந்தி. "காட்டுங்கோ, நாங்களும் சேந்து வெட்டுறம்."

அவர் தொலைபேசியை எடுத்தார். "ஹலோ சேர்... மரம்... ஓம், பாத்தனான். பூத்திருக்கு. இல்லை சேர், ஒண்டு ரெண்டு இல்லை, மரம் முழுக்க... ஓம், பட்ட மரம் எண்டுதான் அனுமதி. கந்தோர் ஆக்களும் வந்து பாத்திட்டினம், இனி அது செல்லாது சேர்... ஓம், தரிப்பிடத்தை மற்றப் பக்கம் தள்ளலாம்."

போனை வைத்தார். புதுப் பலகையைத் தன் கையாலேயே பிடுங்கி வாகனத்தில் போட்டார். பழைய பலகையிலும் கை வைத்தார்.

"அதை விடுங்கோ சேர்!" என்று கத்தினாள் கஜந்தி. "அது எங்களுக்கு வேணும்."

"பிழையான பலகை எதுக்கு, பிள்ளை?"

கஜந்தி ஒழுங்கையைக் கைகாட்டினாள். முனாப் தள்ளுவண்டியில் கல் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கஜந்தியின் அம்மா மணல் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். கனகம்மாக்கா தான் முன்பே பிடித்து வைத்த மூலையைக் கால் கட்டைவிரலால் கோடு கீறிக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம், சீமெந்து காய்ந்த புதுக் குந்தில் கூட்டாளிகள் இருவரும் காலாட்டிக்கொண்டு மாங்காய் தின்றார்கள். மடியெல்லாம் மஞ்சள் பூ.

"இம்மரம் கட்டப்படும்," என்று கஜந்தி உரத்து வாசித்தாள். "றுக்கியா, இதில ஒரு பிழையும் இல்லையடி."